மெஷின் காதில் விழும் கானா

தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் வடசென்னையின் காசிமேடு துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. விடிகாலை ஏலக் கூச்சல் ஒடுங்கியிருந்தது. பதிலுக்கு வெல்டிங் பொறியும், படகின் அடிப்பலகையைத் தட்டும் சுத்தியல் சத்தமும், நிழல் கண்ட இடத்திலெல்லாம் வலையை விரித்துக் கிழிசல் தைக்கும் ஆட்களும். நான் தேடிப்போன வீட்டு வாசலில் எட்டு வயதுப் பையன் ஒருவன் தெர்மாகோல் மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இரண்டு கையாலும் வெளுத்துக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் மேலேறி, தலையில் முடிக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்த வட்டமான காயிலில் முடிந்தது.

பிறவியிலேயே காது கேட்காத பையன். மூன்று வயதில் அரசுக் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளான்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதற்குப் பேர் மெஷின்.

“மெஷின கழட்டிட்டா பின்னால வெடி வெச்சாலும் திரும்ப மாட்டாண்ணா. மாட்டிட்டா, எந்தத் தெருவுல சாவு மேளம் அடிக்குதுன்னு மொத ஆளா இவன்தான் சொல்லுவான்” என்றார் அவன் அம்மா.

இந்தக் கருவி வைத்தவர்களுக்குப் பேச்சு எப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றி மருத்துவர்கள் நிறையவே சொல்லியிருக்கிறார்கள். பாட்டு எப்படிக் கேட்கிறது, அது இன்னும் நன்றாகக் கேட்க ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை போகக் கிளம்பியிருந்தேன். கானா பிறந்து வளர்ந்த இடம் என்பது ஒரு காரணம். லாரியும் டிரெய்லரும் வெல்டிங்கும் சேர்ந்து ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காத இடம் என்பது இன்னொரு காரணம்.

அந்த அம்மா தினமும் காலையில் செய்யும் வேலையை எனக்காக ஒருமுறை செய்து காட்டினார். ராத்திரி முழுக்க மெஷின் ஒரு சின்ன டப்பாவுக்குள் இருக்கும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள். கடற்கரை உப்புக்காற்றும் மே மாத வியர்வையும் சேர்ந்தால் மைக் அடைத்துக்கொள்ளும். அந்த டப்பாவுக்கு அவ்வளவு மரியாதை. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெஷினை எடுத்து, பேட்டரி பொருத்தி, காதில் மாட்டி, காயிலைத் தலையருகே கொண்டுபோனதும் உள்ளே இருக்கும் காந்தம் சட்டென்று இழுத்துக்கொண்டது. பிறகு பையனுக்குப் பின்னால் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஒவ்வொன்றையும் அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ம்’ அடிக்குரல், ‘ஸ்’ உச்சம். பேச்சில் வரும் ஒலிகளின் இரண்டு கரையும் இந்த ஆறில் அடங்கிவிடும். லிங் என்ற ஆய்வாளர் வகுத்த இந்தச் சோதனையை உலகம் முழுக்க இம்பிளான்ட் குழந்தைகளின் வீடுகளில் செய்கிறார்கள். ‘ஸ்’ வராத நாளில் இந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது. வயர் போச்சா, காயில் போச்சா, வாங்க எவ்வளவு ஆகும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை இலவசம். கூடவே ஓராண்டு பேச்சுப் பயிற்சி. முந்தைய கலைஞர் காப்பீட்டுத் திட்டக் காலத்தையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பயன்பெற்றிருக்கிறார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கமுள்ள மாநிலத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை கூடுதல் என்பதால் இது பெரிய விஷயம். ஆரம்ப வருடங்களில் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பிள்ளைகள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். பேச வைத்துவிட்டோம், பள்ளியில் சேர்த்துவிட்டோம் என்பதோடு எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளோ கையில் செல்போனை வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் போலவே ரீல்ஸ் பார்க்கிறார்கள். ரீல்ஸில் பாதிக்கு மேல் பாட்டு.

மெஷின் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுற்றிய காக்ளியாவுக்குள் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் வரிசையாக இருக்கின்றன. வாசல் பக்கம் உள்ளவை உச்ச ஒலிகளுக்கு, உச்சியில் உள்ளவை அடிஒலிகளுக்கு. இந்தச் செல்கள் கெட்டுப்போனவர்களுக்கு, காக்ளியாவுக்குள் ஒரு மெல்லிய எலக்ட்ரோடு இழையைச் செருகி நேராக நரம்பையே மின்சாரத்தால் தட்டுகிறார்கள். எத்தனை எலக்ட்ரோடு? நிறுவனத்தைப் பொறுத்து 12 முதல் 22 வரை. அதுவும் உள்ளே இருப்பது உப்புத் திரவம். ஓர் எலக்ட்ரோடில் விட்ட மின்சாரம் பக்கத்து எலக்ட்ரோடின் எல்லைக்கும் கசிந்துவிடும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் தனித்தனியாகப் பயன்படுவது எட்டு வழித்தடங்கள் அளவுதான்.

பேச்சுக்கு இது தாராளம். 1995-இல் ராபர்ட் ஷானன் குழுவினர், பேச்சை நான்கே பட்டைகளாகச் சுருக்கிக் கொடுத்தாலும் அமைதியான இடத்தில் காது நன்றாக உள்ளவர்களுக்குப் புரிந்துவிடுகிறது என்று காட்டினார்கள். பாட்டுக்குப் போதாது. ஒலியின் ஏற்ற இறக்க உருவத்தை, அதாவது எப்போது பெருத்தது, எப்போது ஓய்ந்தது என்பதை மெஷின் ஒழுங்காகக் கொண்டுபோகிறது. அந்த உருவத்துக்குள் நெருக்கமாக ஓடும் நுண்ணிய அதிர்வைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. சுருதி உட்கார்ந்திருப்பது அந்த அதிர்வில். ஆக, தாளம் ஏறக்குறைய முழுசாக வந்துசேரும். சுரம் கலங்கலாக வரும். வயலினா புல்லாங்குழலா என்பது பலருக்குக் குழப்பம். இரண்டு சுரங்களுக்கு இடையே பல அரைச்சுர இடைவெளி இருந்தால்தான் எது மேலே எது கீழே என்று சிலரால் சொல்ல முடியும்.

இதைப் பையனின் அப்பாவுக்கு நான் விளக்கப்போக, அவர் கையிலிருந்த வலையைத் தூக்கிக் காட்டினார். “கண்ணி பெரிசா இருக்குன்ற. வஞ்சிரம் மாட்டும், நெத்திலி ஓடிடும். அவ்ளோதான?” அவ்வளவுதான். தாளம் வஞ்சிரம், கமகம் நெத்திலி. இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் மருத்துவர் கிரேம் கிளார்க் 1978-இல் பல எலக்ட்ரோடு கருவியை முதலில் பொருத்தியது ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு. விபத்தில் கேட்கும் திறனை இழந்தவர். சோதனையின்போது அந்நாளைய தேசிய கீதத்தின் மெட்டை வாசித்துக் காட்ட, அவர் விறைப்பாக எழுந்து நின்றாராம். நின்ற வேகத்தில் வயர்கள் பிடுங்கிக்கொண்டன. ஒரு சொல்லைக்கூடச் சரியாகப் புரிந்துகொள்வதற்கு முன்பே அவர் பிடித்துக்கொண்டது ஒரு பாட்டை. சுரத்தை வைத்தா கண்டுபிடித்திருப்பார்? தெரிந்த பாட்டின் நடை, அடி, நிறுத்தம் அவர் உடம்பில் இருந்தது.

இங்கேதான் கானா வருகிறது. இந்தப் பக்கத்துக் கானாவை நினைத்துப் பாருங்கள். ஒரே குரல். பின்னால் ஒரு டோலக், இல்லாவிட்டால் ஒரு தகரப்பெட்டி, அதுவும் இல்லாவிட்டால் கைத்தட்டு. குரல் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் ஒரு குறுகிய எல்லைக்குள்தான் சுற்றும். உயிர் முழுக்க வார்த்தையில்: எதுகை, நக்கல், கடைசிச் சொல்லில் வைக்கும் குத்து. மரண வீட்டில் விடிய விடியப் பாடுகிறவனுக்கு ஆர்கெஸ்ட்ரா கிடையாது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு வரி புரிந்தாக வேண்டும். துறைமுகக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் வளர்த்த இந்தப் பாட்டை 1990-களில் இசையமைப்பாளர் தேவா சினிமாவுக்குள் கொண்டுபோனபோது கீபோர்டும் பேஸ் கிட்டாரும் சேர்ந்துகொண்டன. அது வேறு கதை. தெருவில் இருக்கும் கானாவின் கட்டுமானம், எட்டு வழித்தடக் காதுக்கென்றே அளவெடுத்துத் தைத்த கட்டுமானம். இம்பிளான்ட் வைத்தவர்கள் எப்படிப்பட்ட கலவையை விரும்புகிறார்கள் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தபோது, அவர்களிடமே ஒலிக்கலவைக் குமிழ்களைக் கொடுத்தார்கள். மற்ற வாத்தியங்களைத் தணித்துப் பாடுகிறவர் குரலைத் தூக்கி வைக்கவே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். காசிமேட்டில் ஒரு டோலக்குடன் உட்கார்ந்து பாடுகிறவருக்கு அந்தக் குமிழைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பேச்சுப் பயிற்சிக் கூடங்களில் பாட்டு இல்லாமல் இல்லை. நல்ல பயிற்சியாளர்கள் தாலாட்டும் குழந்தைப் பாட்டும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இசைக்கென்று தனியாக ஏதாவது செய்ய நினைத்தால் கை உடனே கீபோர்டுக்குத்தான் போகிறது. ச ரி க ம-வில் ஆரம்பிக்கிறார்கள். இந்தக் கருவிக்கு எது மிகக் கடினமோ அதிலிருந்து தொடங்குவதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. இந்தப் பையனுக்கு முதல் வாத்தியம் மீன்பெட்டி. அவனே கண்டுபிடித்தது.

அவன் சித்தப்பா டோலக் வாசிக்கிறவர். தடைக்காலத்தில் சும்மா இருக்கும் கையோடு அன்று மாலை வீட்டுக்குள் உட்கார்ந்தார். வீட்டுக்குள் என்பது முக்கியம். வெளியே சூரியநாராயணா செட்டி தெருவின் ஹாரன் சத்தத்தில் மெஷினுக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியாது. கதவைச் சாத்தி, சுவர் ஓரம் வலை மூட்டைகளையும் பாய்களையும் சாத்தி வைத்திருந்த அந்தச் சின்ன அறையில் எதிரொலி ஏறக்குறைய இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அடுத்த நாள் காலையில் ராயபுரம் புனித பேதுரு தேவாலயத்துக்குப் போனோம். படகோட்டிகள் தங்கள் பணத்தில் கட்டிக்கொண்ட பழைய கோயில், உயரமான கூரை. பாடகர் குழு பாடியபோது எனக்கு அது நிறைவாக இருந்தது. பையன் காயிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கூரையில் மோதித் திரும்பும் ஒலி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழுந்து தாளத்தின் விளிம்பை மழுக்கிவிடுகிறது. விளிம்பு மழுங்கினால் இவர்களுக்கு மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே. கல்யாண மண்டபங்களில் இந்தப் பிள்ளைகள் ஏன் அழுகிறார்கள் என்று கேட்கிற உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சித்தப்பாவிடம் வருகிறேன். பையனின் உள்ளங்கையை எடுத்து டோலக்கின் இடது பக்கத் தோலில் வைத்தார். அடித்தார். “இது தம். மனசிலாச்சா?” அடிஒலியின் சுருதியை மெஷின் ஒழுங்காகத் தராது, அது வாங்கும் ஒலியின் எல்லையே ஏறக்குறைய 100, 200 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கும். கை அதைத் தந்துவிடுகிறது. வலது பக்கத்தின் கூர்மையான ‘நா’ காது வழியே போய்விடும். கையும் காதுமாக அவன் ஒரு டோலக்கை முழுசாகக் கேட்டான். பிறகு சித்தப்பா ஒரு வரியைப் பாடி, பாதியில் நிறுத்தி அடிக்க, மீதியை மீன்பெட்டியில் இவன் முடித்தான். தப்பாக முடித்தபோது சித்தப்பா “டேய், அது உங்கப்பன் போடற தாளம்டா” என்றதும் அவன் சிரித்த சிரிப்பு. கிண்டல் புரிகிற அளவுக்குக் காது வேலை செய்கிறது என்றால் வேறென்ன சான்று வேண்டும்.

ஒரு சிக்கல். அப்பாவுக்குப் பையனைக் கடலுக்குக் கூட்டிப்போகவும் ஆசை. மெஷினைக் கரையிலேயே கழற்றிவைக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க அவனுக்கு எதுவும் கேட்காது. பின்னால் வரும் படகும் கேட்காது. அம்மா வேண்டாம் என்கிறார். அந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

திருவொற்றியூரில் நிலைமை தலைகீழ். தேரடி மெட்ரோவில் இறங்கி வடிவுடையம்மன் கோயில் பக்கமாக நடந்தால் வரும் ஒரு தெருவில், இந்த வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதுவரை நல்ல காது. நல்ல கேள்வி ஞானமும். காசநோய் முற்றி, நீண்ட நாள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிவந்தது. ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின் வகை மருந்துகள் சிலருக்கு உள்காதின் மயிர்ச்செல்களைக் கொன்றுவிடும். உயிர் தப்பியது, காது போனது. (இப்போது மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கும் பெரும்பாலும் மாத்திரைக்கு மாறிவிட்டார்கள்.) பெரியவர்களுக்கு அந்த இலவசத் திட்டம் இல்லை. மகள் கடன் வாங்கி வலது காதில் இம்பிளான்ட் வைத்தார்.

“ஸ்விட்ச் ஆன் பண்ணின அன்னைக்கு எம்பொண்ணு பேசினது கார்ட்டூன்ல வாத்து பேசற மாதிரி இருந்துச்சு தம்பி. மூணு மாசத்துல அது எம்பொண்ணு கொரலாயிடுச்சு. ஆனா பாட்டு? தகரத்த தெருவுல இழுத்துட்டுப் போற சத்தம்.”

பிறவியில் கேட்காமல் இம்பிளான்ட் வைத்த குழந்தைக்கு ஒப்பிட எதுவும் இல்லை; மெஷின் தருவதுதான் அவனுக்குப் பாட்டு. இவரைப் போல நடுவில் இழந்தவர்களின் மூளையில் பழைய பாட்டு அப்படியே இருக்கிறது. வருவது அதோடு மோதுகிறது. குழந்தைகள் ரசிப்பதும் பெரியவர்கள் நொந்துபோவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முரண். அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கோராஸ்ட் 2001-இல் மிச்சமிருந்த கேட்கும் திறனையும் இழந்து இம்பிளான்ட் வைத்துக்கொண்டபின், ராவெலின் ‘போலெரோ’வைத் திரும்பக் கேட்க ஆண்டுக்கணக்கில் மென்பொருள் மென்பொருளாக ஏறி இறங்கினார். அதைப் பற்றி 2005-இல் எழுதினார். 1928-இல் எழுதப்பட்ட அந்த இசையில் ஒரு சின்ன முரசு முதலிலிருந்து கடைசிவரை ஒரே தாளத்தை அடித்துக்கொண்டிருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு அவருக்குக் கிடைத்தது.

திருவொற்றியூர்ப் பெரியவர் பிடித்துக்கொண்ட கயிறு தியாகராஜர். சீடர் வீணை குப்பையரின் தொடர்பால் இந்த ஊருக்கு வந்த தியாகராஜர், திரிபுரசுந்தரி என்று வடிவுடையம்மனை விளித்து ஐந்து கீர்த்தனைகள் செய்தார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்பார்கள். கல்யாணி, ஆரபி, பேகடை, சுத்தசாவேரி, சாவேரி. ஐந்தும் பெரியவருக்கு மனப்பாடம். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் மத்திமம் ஒன்றுதான், அரைச்சுரம். “இப்ப அந்த மத்திமம் எனக்கு இல்ல தம்பி. கல்யாணி எதுன்னு காது சொல்லாது, வார்த்தை சொல்லுது. ‘சுந்தரி’ன்னு ஆரம்பிச்ச ஒடனே மிச்சத்த மூளை போட்டுக்குது.” அவர் சொன்னதுதான் ஆய்வாளர்களும் சொல்வது. சாகித்யம் தெரிந்த பாட்டை அடையாளம் காண்பது, சாகித்யத்தை நீக்கிவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் அடையாளம் காண்பதைவிடப் பல மடங்கு எளிது.

அவருடைய இடது காதில் அடிஒலிகள் மட்டும் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன. இந்த ஊசிகள் முதலில் உச்ச ஒலிகளைத்தான் பறிக்கும். அந்தக் காதில் ஒரு சாதாரணக் காது கேட்கும் கருவி மாட்டியிருக்கிறார். “ஒண்ணுக்கும் ஒதவாத காதுன்னு கழட்டி வெச்சிருந்தேன். திரும்ப மாட்டச் சொன்னாங்க. தம்பூரா சத்தம் இந்தக் காதுல வருது, வார்த்தை அந்தக் காதுல வருது.” இம்பிளான்ட் வைத்த பிறகு மறு காதில் கருவி எதற்கு என்று நினைக்கும் பலருக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. பாட்டைப் பொறுத்தவரை அந்த மிச்சமிருக்கும் அடிஒலி, எத்தனையோ மென்பொருள் செய்யாத வேலையைச் செய்யும்.

மகள் அவருக்குக் கீபோர்டில் இரண்டு சுரம் வாசிப்பார். எது மேலே என்று அவர் கை காட்ட வேண்டும். முதலில் ச-வும் ப-வும். பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவார். கேள்வி ஞானம் உள்ள பெரியவருக்கு இந்தக் கசரத்து பொருந்துகிறது. அவருக்கு இழந்ததைத் திரும்பப் பெறும் வெறி இருக்கிறது. ஒரே கீர்த்தனையை வாரக்கணக்கில், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். ஸ்பீக்கரில் போடுவதில்லை, செல்போனிலிருந்து புளூடூத் வழியாக நேரே மெஷினுக்கு. அப்படிப் போகும்போது எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிகள் நடுவில் புக முடியாது. கச்சேரிப் பதிவுகளில் வயலின் அவருக்கு இன்னும் ஆகாது. மிருதங்கம் சுத்தமாக வருகிறது. வீணை பரவாயில்லை என்கிறார். மீட்டும்போது ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தெளிவான தொடக்கம் இருப்பதால் வீணை, பியானோ போன்றவை வில்லால் இழுப்பதைவிட இவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். வீணை குப்பையர் ஊரில் இருக்கிறவருக்கு வீணை கிடைத்தது நியாயம்தான்.

கிளம்பும்போது என்னை நிறுத்தி, “ஒரு கணக்கு தெரியுமா தம்பி? நம்ம பண்ணுக்கு அலகு 22. எங்காதுல எலக்ட்ரோடு 22. கணக்கு டாண்ணு இருக்கு. பாட்டுதான் வரல!” என்று சொல்லி அவரே சிரித்தார்.

மெஷினில் ஒன்றுக்கு மேற்பட்ட புரோகிராம் வைத்துக்கொள்ளலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. மெஷினை அவரவர் காதுக்கு ஏற்பச் சரிசெய்யும் மேப்பிங்குக்குப் போகும்போது பேச்சுக்கான அமைப்பை மட்டும் சரிபார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பேச்சுக்கென்று போட்டிருக்கும் இரைச்சல் குறைப்பும், எதிரே இருப்பவர் பக்கம் மட்டும் மைக்கைத் திருப்பும் ஏற்பாடும், சத்தம் கூடினால் தானே அமுக்கும் வசதியும் பாட்டுக்கு எதிரி. நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தை ஏசி இரைச்சல் என்று நினைத்து மெஷின் தணித்துவிடும். இவற்றைத் தளர்த்திப் பாட்டுக்குத் தனி புரோகிராம் போட்டுத் தாருங்கள் என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்கலாம். காசு கூட ஆகாது. வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அரசு மருத்துவமனை வரிசையில் நின்று, முறை வரும்போது “பாட்டுக்கு” என்று கேட்க ஒரு மீனவப் பெண்ணுக்குக் கூச்சம் இருக்கும். பாட்டு ஓர் ஆடம்பரம் என்று அவரை யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். சாவுக்குக்கூடப் பாட்டு வைக்கிற ஊரில்.

விம்கோ நகர் தாண்டி எர்ணாவூர் வரும்போது மாலை. எண்ணூரில் 1970-இல் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. சாலையில் லாரி மட்டும் குறைந்தபாடில்லை. சுனாமிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் பறை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். சொல்லிக்கொடுக்கும் இளைஞர் பகலில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் இம்பிளான்ட் வைத்த ஒரு பெண், பதினான்கு வயது இருக்கும். பறையை அனலில் காய்ச்சி எடுத்து, குச்சிகளைக் கொடுத்ததும் முதல் அடியே வரிசைக்குள் விழுந்தது. ஆசிரியர் அவளுக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை. செய்ய வேண்டியிருக்கவும் இல்லை. எதிரே நின்று ஆடிக்கொண்டே அடிக்கிறார். கால் எங்கே விழுகிறது என்பதைக் கண் பார்க்கிறது, தோலின் அதிர்வை மார்பு வாங்குகிறது. மெஷின் மூன்றாவது ஆள்.

திறந்த மாடி என்பதால் எதிரொலி இல்லை. ஒரே சங்கடம், பத்துப் பறை சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது மெஷின் திணறி எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. அப்போது மட்டும் சத்தத்தை ஒரு படி குறைத்துக்கொள்கிறாள். கை காதுக்குப் போய்வருவது வரிசையில் யாருக்கும் தெரியாது. போலந்தில் 2015 முதல் இம்பிளான்ட் வைத்த இசைக்கலைஞர்களுக்கென்றே வார்சாவில் ஒரு சர்வதேசத் திருவிழா நடத்துகிறார்கள், பல நாடுகளிலிருந்து பாட, வாசிக்க வருகிறார்கள் என்று ஆசிரியரிடம் சொன்னேன். “பறை கேட்டிருப்பாங்களா சார்?” என்றார்.

என் கானா வாதத்தை அந்தப் பெண்ணிடம் ஓட்டிப் பார்த்தேன். ஒரே குரல், ஒரு டோலக், தெளிவான வார்த்தை. உன் மெஷினுக்கு இதைவிட ஏத்த பாட்டு இல்லை, தெரியுமா என்றேன். முகத்தைச் சுளித்தாள்.

“எனக்குக் கானா புடிக்காது சார். எங்க மாமா குடிச்சிட்டுப் பாடுவாரு. எனக்கு பி.டி.எஸ்.தான்.”

கொரிய மொழி. ஒரு வார்த்தை புரியாது, வாத்தியங்கள் அடுக்கடுக்காய் ஏறியிருக்கும், குரல்கள் ஏழு. மெஷினுக்கு ஆகாது என்று நான் பட்டியல் போட்ட எல்லாமே அதில் இருக்கிறது. எப்படிக் கேட்கிறாய் என்றதும் செல்போனை எடுத்துக் காட்டினாள். வீடியோவில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கால் மாற்றுகிறார்கள். அடி எங்கே விழுகிறது என்பது உடம்புகளில் எழுதியிருக்கிறது. வார்த்தைகள் கீழே ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன. நூறு தடவை பார்த்த பாட்டில் எந்த இடத்தில் யார் பாடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய முறை வருவதற்கு முன்பே முகம் மலர்கிறது. பெரியவர் கீர்த்தனைப் புத்தகத்தோடு செய்வதை இவள் செல்போனோடு செய்கிறாள். மெஷினுக்கு எது பொருந்தும் என்று நான் தீர்மானித்துவிட்டால் அவள் அதை ரசித்தாக வேண்டுமா என்ன?

பாட்டுக்குத் தனியாக ஒரு புரோகிராம் கேட்டு வாங்கலாம் தெரியுமா என்று சொல்ல வாயெடுத்தேன். போன மேப்பிங்கிலேயே அவளே கேட்டு வாங்கிவிட்டாளாம். ஒன்று வீட்டுக்கு, இரண்டு வகுப்பறைக்கு, மூன்று பாட்டுக்கு. பொத்தானை அழுத்தி மாற்றிக் காட்டினாள். கூட வந்திருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“அத ஏன் சார் கேக்கறீங்க. போன்ல பாட்டு போட்டுட்டான்னா வெளிச் சத்தம் எதுவும் உள்ள போவாதாம். கடைக்குப் போய் வாடின்னு பத்து தடவ கத்தறேன். கேக்கலம்மா, மெஷின் பாட்டுல இருக்குதுன்றா. காது கேக்கணும்னு எவ்ளோ ஆஸ்பத்திரி ஏறி எறங்கினேன் சார் நானு!”